பெட்டி நான் செய்தது, குஞ்சு நீ பொரித்தது

என் குமுதாவுக்கு, குன்றத்தூரே தேடி வந்த குஞ்சுக்காரிக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. எப்படி இருக்கிறாய் என்று உன்னைக் கேட்கலாமா, கூடாதா என்று தெரியவில்லை. நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கும் எனக்கு உன்மேல் பொறாமையாகத்தான் இருக்கிறது.

இன்று காலை மாங்காட்டிலிருந்து ஒருவர் பைக்கில் வந்தார். நாட்டுக்கோழிக் குஞ்சு பத்து வேண்டுமாம். நேற்றுதான் பொரித்தவை, சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருந்தன. குனிந்து பார்த்தார், ஒன்றைக் கையில் எடுத்து வயிற்றைத் தடவினார், பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "அக்கா பொரிச்சது எதுனா மிச்சம் இருக்கா சார்?" என்று கேட்டார். போன வருஷம் நீ பொரித்த குஞ்சு இன்னும் குஞ்சாகவா இருக்கும்? அது அவருக்கும் தெரியும். ஆனாலும் கேட்கிறார். பத்து கேட்க வந்தவர் ஆறோடு நிறுத்திக்கொண்டு போனார்.

முட்டை பொரிக்கும் அந்தப் பெட்டியைச் செய்தது யார் குமுதா, நீயே சொல். மீன் கடையில் ஐஸ் போட்டு வரும் தெர்மாகோல் பெட்டியைக் கெஞ்சி வாங்கி, நாலு நாள் மொட்டை மாடி வெயிலில் காயவைத்து நாற்றம் போக்கியது நான். ரிச்சி தெருவில் அலைந்து, சூட்டை ஒரே அளவில் வைக்கும் தெர்மோஸ்டாட் வாங்கியது நான். பழைய கம்ப்யூட்டரில் இருந்த சின்ன ஃபேனைக் கழற்றிப் பொருத்தி, இரண்டு பல்பு மாட்டி, மூடியில் கண்ணாடித் துண்டு பதித்தது நான். நம் மகள் கவிதாவைச் சேலத்துக்குக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் சத்தமே இல்லை என்று நீதான் புலம்பினாய். 2012இல் அதற்காகத்தானே ஆரம்பித்தேன்?

முதல் தடவை, படப்பைக்காரர் ஒருவரிடம் வாங்கிய இருபத்து நாலு முட்டை வைத்தேன். இருபது வருஷமாகக் கம்பெனியில் தரம் பார்க்கும் குவாலிட்டி பிரிவில் இருப்பவன் நான், முதலில் அம்பத்தூரில், அப்புறம் ஒரகடத்தில். வண்டிப் பாகம் ஒன்றில் தலைமுடி அளவு கோடு விழுந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. அப்படிப்பட்டவன் முட்டையைச் சும்மா விடுவேனா? செக் ஷீட் ஒன்று தயார் செய்து சுவரில் ஒட்டினேன். மணிக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து பார்க்க வேண்டும், வெப்பம் எழுத வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். இருபத்தோராம் நாள் குஞ்சுகள் உள்ளேயிருந்து ஓட்டைக் கொத்த ஆரம்பித்தன. பாதி கொத்திவிட்டு நின்றவற்றைப் பார்க்கப் பொறுக்காமல், நகத்தால் ஓட்டை உரித்து நானே வெளியே எடுத்தேன். கம்பெனியில் இதற்கு ரீவொர்க் என்று பெயர். எடுத்த குஞ்சுகள் ரத்தம் கசிந்து என் உள்ளங்கையிலேயே அடங்கின. இரண்டு தேறின, அதில் ஒன்று நொண்டி.

அடுத்த தடவை நீ கேட்டாய், இந்த முறை நான் வைக்கட்டுமா என்று. சரி, பட்டால்தான் தெரியும் என்று விட்டுவிட்டேன். அதே பெட்டி, அதே பல்பு, அதே படப்பைக்காரர் கொடுத்த முட்டை. மூன்றாவது நாள் ஷிஃப்ட் முடிந்து நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து செக் ஷீட்டைப் பார்த்தேன். ஆறு மணி வரைக்கும் எழுதியிருந்தது. எல்லாக் கட்டத்திலும் முப்பத்தேழரை, எல்லாக் கட்டத்திலும் உன் கையெழுத்து. நாலு மணிக்கே ஆறு மணி வெப்பம் எப்படித் தெரிந்தது என்று குதித்தேன். "அது எப்பவும் அதே தானே மாமா காட்டுது. தெனம் காலீல பல் தேச்சதும் மொத்தமா எழுதி வெச்சிடறேன்" என்றாய். ஒரு லைனையே நிறுத்தக்கூடிய குற்றத்தைச் செய்துவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

இருபத்து நாலில் இருபத்தொன்று பொரித்தன. அன்றைக்குத் தொடங்கியது என் வயிற்றெரிச்சல்.

அதற்கப்புறம் எல்லாம் உன் ராஜ்ஜியம்தான். பெட்டி பெரிதாயிற்று, நாற்பது முட்டை பிடித்தது. தினம் மின்வெட்டு இருந்த காலத்தில் கூட, கரண்டு போனதும் சுடுதண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வைத்துச் சமாளித்தாய். தெருவில் என் பெயர் போய் 'குமுதா வூட்டுக்காரர்' ஆனேன். கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தால், சார், உங்க வீட்டம்மாகிட்டச் சொல்லி அஞ்சு குஞ்சு எடுத்து வையுங்கள் என்பார்கள். பெட்டியைச் செய்தவன் நான்தான் என்று ஒருவரிடமாவது நீ சொன்னாயா? எனக்குக் கம்பெனியில் தரத்துக்கென்று ஒரு கேடயம் கொடுத்தார்களே, நினைவிருக்கிறதா? ஷோகேஸில் இருந்ததை எடுத்து, மூடி தூக்கிக்கொள்ளாமல் இருக்கப் பெட்டியின்மேல் பாரமாக வைத்தாய். வருகிறவர்களெல்லாம் அதைத் தூக்கிவிட்டுத்தான் உன் முட்டைகளைப் பார்த்தார்கள்.

உன்னிடம் ஏதோ ரகசியம் இருக்கிறது என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. கேட்டால் சிரித்தாய். "இன்னாத்த பண்ணேன்? மூடி வெச்சேன், வேற வேல பாத்தேன்." இதையா நம்புவது? இப்போது சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஒருநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு, உனக்குத் தெரியாமல் வந்து பின்பக்கத்து ஜன்னல் வழியாக உன்னை வேவு பார்த்தேன். ஐம்பது வயதை எட்டப்போகிறவன், சொந்த வீட்டு ஜன்னலில், சொந்தப் பெண்டாட்டியை. நீ கீரை ஆய்ந்தாய். கவிதாவோடு போனில் பேசினாய். பெட்டிப் பக்கம் திரும்பக்கூட இல்லை. எழுந்து போகும்போது ஒரே ஒரு தடவை குனிந்து, காதை அதன் பக்கவாட்டில் வைத்தாய். அவ்வளவுதான். அந்த ஒரு நிமிஷம் உன் முகத்தில் இருந்த கவனம் எனக்குப் பிடிக்கவே இல்லை. என் பேச்சை நீ அப்படிக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று எண்ணிப் பார்த்தேன்.

சிரிக்கிறாயா? சிரி. முட்டையைப் பார்த்துப் பொறாமைப்பட்ட மனுஷன் இந்தத் தாலுக்காவிலேயே நான் ஒருவன்தான் இருப்பேன்.

இனிமேல் எழுதப்போவது சிரிக்கிற விஷயம் இல்லை.

போன வருஷம் கத்திரி வெயிலில் நீ நாற்பது முட்டை வைத்திருந்தாய். பத்தொன்பதாம் நாள். முந்தின நாளே தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பி, மூடியை மூடி, இனி மூன்று நாளைக்கு யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாய். யாரும் என்றால் நான்தான். காலை ஷிஃப்ட். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். நீ ஹாலில் மண்டியிட்டுப் பெட்டியில் காதை வைத்திருந்தாய். போய்விட்டு வருகிறேன் என்றேன். நீ திரும்பவில்லை. சத்தம் போடாதே என்பதுபோல் ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டினாய்.

செருப்பை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். நீ அசையவில்லை. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கக் கிளம்பிப் போனேன்.

ஒன்பது மணிக்குச் சூப்பர்வைசர் லைனுக்கே வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வீட்டிலிருந்து போன் வந்திருக்கிறது, உடனே கிளம்புங்கள் என்றார். அந்த நேரத்தில் கம்பெனி பஸ் கிடையாது. சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பிய குட்டியானை வண்டியில் ஏறி வந்தேன். கொல்லையில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த நீ அப்படியே சாய்ந்துவிட்டாயாம். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். நான் வந்தபோது உன்னை ஹாலில் படுக்க வைத்திருந்தார்கள், அந்தப் பெட்டிக்கு நாலடி தள்ளி.

உன் தம்பி சேகர்தான் எல்லாவற்றுக்கும் ஓடினான். கவிதா சேலத்திலிருந்து வந்து சேர மூன்று மணிக்கு மேல் ஆகும், வெயிலோ கொளுத்துகிறது என்று அவனே போய் ஐஸ் பெட்டியை வாடகைக்கு எடுத்து வந்தான். உன்னை அதில் வைத்துக் கண்ணாடி மூடியைப் போட்டார்கள். சேகர் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தான். ஹாலில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் உன் முட்டைப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

"எதுல மாமா போடறது?" என்று கேட்டான்.

நம் படுக்கையறைப் பீரோவுக்குமேல் எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்று இருந்தது. உனக்கும் தெரியும். கவிதா கல்யாணத்துக்கு சீரியல் லைட் போடுவதற்காக நானே செய்தது, நாலு பிளக் போடலாம், ஒயர் பத்தடிக்குமேல் நீளம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சேகர் எடுத்து வந்து இரண்டையும் மாட்டியிருப்பான். அது எனக்கு மறந்து போகவில்லை. துக்கத்தில் தோன்றவில்லை என்று இந்த ஒரு வருஷத்தில் எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பொய். அவன் கேட்ட அந்த நொடியில் பீரோவும் தெரிந்தது, மேலே இருந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியும் தெரிந்தது. கூடவே காலையில் நீ தூக்கிக் காட்டிய கையும் தெரிந்தது.

"அத புடுங்கிட்டு இத போடு" என்றேன்.

பிடுங்கினான். பல்பு அணைந்தது, ஃபேன் நின்றது. மனசுக்குள் என்ன நினைத்தேன் தெரியுமா? கடைசியாக என்னிடம் ஒரு வார்த்தை பேசவிடாமல் செய்தவை இவை, இவையும் போகட்டும் என்று நினைத்தேன். இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, முட்டையோடு கணக்குத் தீர்த்துக்கொண்டிருந்தேன்.

வருகிறவர்களெல்லாம் மாலை கொண்டு வந்தார்கள். உன்மேல் இடம் இல்லாமல் போனதும் முட்டைப் பெட்டியின்மேல் அடுக்கினார்கள். என் கேடயம்கூட அதற்கடியில் காணாமல் போயிற்று. கவிதா வந்தாள், கதறினாள். பொழுது சாய்வதற்குள் உன்னை எடுத்துக்கொண்டு போனோம். திரும்பி வந்து குளித்துவிட்டு ஹாலுக்குள் நுழைந்தபோது, நீ படுத்திருந்த இடத்தில் விளக்கு வைத்திருந்தார்கள். பக்கத்தில் முட்டைப் பெட்டியின் பிளக் தரையில் கிடந்தது. ஐஸ் பெட்டியும் போய்விட்டது, சுவரில் இடம் காலி. குனிந்து மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்? நான் மாட்டவில்லை.

மறுநாள் காலையில் சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு வந்தோம். கவிதா ஹாலைக் கூட்டினாள். வாடின மாலைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாகப் போட்டவள் சட்டென்று நின்றுவிட்டாள்.

"அப்பா, அம்மா பொட்டி கத்துதுப்பா" என்றாள்.

காதை வைத்துப் பார்த்தேன். நிஜம்தான். ஒன்றல்ல, நாலைந்து குரல்கள், மெல்லிசாக. கிட்டத்தட்ட ஒரு நாள் கரண்டு இல்லை. கத்திரி வெயிலும், மூடிக் கிடந்த தெர்மாகோலும், மேலே கிடந்த ஈர மாலைகளும் சேர்ந்து காப்பாற்றியிருக்கின்றன. பிளக்கை மாட்டிவிட்டு, எப்படிக் கழன்றது என்று தெரியவில்லை என்று கவிதாவிடம் சொன்னேன். அவள் அதைப் பற்றி மேலே கேட்கவில்லை. அவளுக்கு அந்தக் குரல் போதுமாக இருந்தது.

அடுத்த இரண்டு நாளும் அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மூடியைத் திறக்கவில்லை. உன் மாதிரிப் பொறுமை வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே, திறந்து பார்க்கப் பயம். கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். ஒரு குஞ்சு பாதி ஓட்டைக் கொத்திவிட்டு அரை நாள் அசையாமல் கிடந்தது. நகம் துறுதுறுத்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன். சாயங்காலம் அது தானே வெளியே வந்து விழுந்தது. மொத்தம் இருபத்தாறு. உன் ரகசியம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது குமுதா. நீ சொன்னதுதான் ரகசியமே. நான்தான் உன்னை நம்பவில்லை.

துக்கம் கேட்க வந்த பெண்கள் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். புண்ணியவதி, போயும் பொரித்துக் காட்டிவிட்டாள் என்றார்கள். கை ராசி என்றார்கள். தெருவே வந்து பார்த்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்க, எனக்கு அழுகை வரவில்லை, பொறாமைதான் வந்தது. செத்த பிறகும் நீதான் ஜெயித்தாய். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கையை அமுக்கிக்கொண்டு காத்திருந்தது யார் கண்ணிலும் படவில்லை. கொல்லைக்குப் போய் உன் துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஊர்ச் சேதி கேட்பாயே, சொல்கிறேன். நம் தெருவில் இன்னும் இரண்டு வீடு மாடி எடுத்து, கம்பெனிப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். கரண்டு இப்போது அவ்வளவாகப் போவதில்லை. செக் ஷீட்டைச் சுவரிலிருந்து கிழித்துவிட்டேன். ஆனாலும் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது அவசியமில்லாமல் மூடியைத் திறந்துவிடுகிறேன், கை கேட்கமாட்டேன் என்கிறது. இதுவரை நாற்பதில் முப்பத்து மூன்று வரைக்கும் வந்திருக்கிறேன். நீ முப்பத்தேழு எடுத்தவள். ஒவ்வொரு தடவையும் எண்ணிவிட்டு உன்னோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். உன்மேல் பொறாமைப்பட்டுப் பொறாமைப்பட்டே பழகிவிட்டேன், அது இல்லாமல் ஒரு நாளை எப்படித் தள்ளுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த இருபத்தாறில் ஒரு சேவலையும் மூன்று கோழிகளையும் கவிதா சேலத்துக்குக் கொண்டு போனாள். மாடியில் வளர்க்கிறாள். அவற்றுக்கு அம்மா கோழி என்றுதான் பெயர். அவற்றின் முட்டையை அவித்துப் பேத்திக்குக் கொடுக்கும்போதெல்லாம், ஆயா நமக்காக விட்டுட்டுப் போனது என்று சொல்லித்தான் ஊட்டுகிறாளாம். வாரம் ஒரு தடவை போனில் இந்தக் கதையை என்னிடமே சொல்கிறாள். நான் உம் கொட்டுகிறேன். உன் கடைசி அடை முட்டைகளைக் கொல்லப் பார்த்தவன் மறுமுனையில் நிற்கிறான் என்று அவளுக்குத் தெரியாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்குத் தலைத் திவசம். சாலை ஓரத்தில் உன் படம் போட்டு பேனர் வைக்கலாம் என்று சேகர் சொன்னான். வேண்டாம், நான் நாலு வரி எழுதித் தருகிறேன், அச்சடித்து வருகிறவர்களுக்குக் கொடு என்றேன். நாலு வரி இவ்வளவு நீண்டுவிட்டது. இதை அவன் படிப்பான், கம்பெனி பஸ்ஸில் கூட வருகிறவர்கள் படிப்பார்கள், மாங்காட்டுக்காரர் வந்தால் அவரும் படிப்பார். படிக்கட்டும். அந்தப் பிளக்கைப் பிடுங்கச் சொன்னது நான் என்று எல்லாருக்கும் தெரியட்டும். ஆனால் கவிதா இதைக் காகிதத்தில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

சனிக்கிழமையே வந்துவிடுகிறாள். பையைக் கீழே வைத்து ஒரு வாய் தண்ணீர் குடித்ததும், எதிரில் உட்கார்ந்து என் வாயாலேயே சொல்லிவிடுவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. அவள் விடமாட்டாள், வெளுத்து வாங்குவாள். வாங்கட்டும், குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டேன். கோபம் வந்தால் அவள் குரல் அப்படியே உன் குரலாகிவிடும். அதைக் கேட்டு ஒரு வருஷம் ஆகிறது குமுதா.

இப்படிக்கு,
உன் மாமன் மகன், உன் வீட்டுக்காரன்,
ஏழுமலை